ஏலக்காய் டீயை ஏன் ஆத்திக் குடிக்கணும்?

இன்னைக்கு எபிசோட் எங்க வீட்டுச் சண்டையில இருந்து ஆரம்பிக்குது. எங்க அப்பா டீயை அடுப்புல இருந்து இறக்கின கையோட குடிப்பார். "ஆறிப்போன டீயும் கழனித்தண்ணியும் ஒண்ணுடா"ம்பார். சூடு கூடினா ருசியும் கூடும்ங்கிறது அவர் கட்சி. பாதி சரி. மீதியைப் பார்ப்போம்.

போடிநாயக்கனூருக்குப் போங்க. இடுக்கி மலையில விளையுற ஏலக்காய், ஸ்பைசஸ் போர்டோட மின்-ஏலத்துக்கு வர்றது ரெண்டு ஊருக்கு: ஒண்ணு கேரளாவுல புத்தடி, இன்னொண்ணு நம்ம போடி. விடியக்காலையில தோட்ட வேலைக்கு ஜீப் ஏறுறவங்க நிக்கிற டீக்கடையில மாஸ்டர் கையைக் கவனிங்க. ஒரு குவளை தலைக்கு மேல, இன்னொண்ணு இடுப்புக்குக் கீழ. நடுவுல டீ ஒரு நீளக் கயிறு.

அது ஷோ இல்ல. டீ மெல்லிசா நீளும்போது காத்து படுற பரப்பு கூடுது, கொஞ்சம் ஆவியாகி சூட்டையும் எடுத்துட்டுப் போகுது. லேப்டாப் ஹீட் சிங்க்கை அடுக்கடுக்கா தகடு வச்சுச் செய்றதும் பரப்பைக் கூட்டத்தான். கூடவே காத்து உள்ள போய், பால் புரதம் அந்தக் குமிழிகளைப் பிடிச்சு வச்சுக்குது. அதுதான் நுரை.

இப்ப நாக்குக்கு வருவோம். வாய்க்குள்ள சுமார் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டினா, வலியைச் சொல்ற நரம்புகள் முழிச்சுக்கும். அப்ப நமக்குத் தெரியறது ருசி இல்ல, சுடுதுங்கிற செய்திதான். அதுக்காக ஜில்லுன்னு குடிச்சாலும் சரிவராது. நாக்குல இனிப்பைக் கடத்துற ஒரு புரதம் குளிர்ல மந்தமா வேலை செய்யும். உருகின ஐஸ்கிரீம் ஏன் அவ்வளவு திகட்டுதுன்னு யோசிச்சிருக்கீங்களா? சர்க்கரை அதேதான், சூடுதான் மாறுச்சு. ஏலக்காய் வாசனையும் இதமான சூட்டுலதான் ஆவியா எழும்பி மூக்குக்கு வரும். ரொம்ப நேரம் கொதிக்க விட்டா வாசனை பூரா கூரைக்குப் போயிரும். அதனால ஏலக்காயைக் கடைசியில தட்டிப் போட்டு, மூணு நாலு இழுப்போட ஆத்துறதை நிறுத்திக்கிறது நல்லது.

இதே பஞ்சாயத்து இங்கிலாந்துல பீருக்கு நடக்குது. அங்க 'கேஸ்க் ஏல்'னு ஒண்ணு, பீப்பாய்க்குள்ளேயே நொதிச்சு முடியுற பீர். வெளியில இருந்து வாயு ஏத்தாம, கைப்பம்புல இழுத்து ஊத்துவாங்க. 11-ல இருந்து 13 டிகிரிதான் அதுக்குச் சரியான பதம்னு சொல்வாங்க. நம்ம ஊர் பீர் மாதிரி உறையக் குளிர வச்சா வாசனை அடங்கிரும். வட இங்கிலாந்துல குழாய் முனையில சின்ன ஓட்டைகள் உள்ள மூடி போட்டு நுரை கட்ட வைப்பாங்க. தெற்குல பல பேருக்கு அது ஆகாது. நம்ம ஊர்ல "மாஸ்டர், ஆத்தாம ஒண்ணு"ன்னு ஒரு குரல் வருமே, அதே கதைதான்.

ஆனா அப்பாகிட்ட நான் சண்டை போடறது ருசிக்காக மட்டும் இல்ல. உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2016-ல, 65 டிகிரிக்கு மேல சூடா எதைக் குடிச்சாலும் உணவுக்குழாய்ப் புற்றுநோய் வர அநேகமா அது காரணமாகலாம்னு வகைப்படுத்துச்சு. குற்றவாளி டீ இல்லை, சூடுதான். கடையில ஆத்திக் கொடுக்கிற டீ கொஞ்சம் இறங்கி வருது. பார்சல்ல மூடிக் கட்டின டீ அப்படியே கொதிச்சுக்கிட்டு இருக்கும்.

போன வாரம் ஒரே டீயை ரெண்டு கிளாஸ்ல ஊத்தினேன். ஒண்ணை ஆத்தி, ஒண்ணை ஆத்தாம. அப்பா ரெண்டையும் குடிச்சுட்டு, ஆத்தினதைக் காட்டி, "இதுக்கு மட்டும் ஏன்டா சர்க்கரை கூடப் போட்ட?"ன்னார்.

போடலைப்பா. நீங்களும் வீட்டுல இதைச் செஞ்சு பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.