சாவி திரும்புது, வண்டி ஓடலையா?

போன மாசம் எங்க வீட்டு கார் ஸ்டார்ட் ஆகி ரெண்டே செகண்டில் ஆஃப் ஆச்சு. டேஷ்போர்டில் சாவி படம் போட்ட லைட் சிமிட்டிக்கிட்டே இருந்தது. "ஈசியூ போச்சு, மாத்தணும்"னு மெக்கானிக் சொன்னதும் அப்பா முகமே மாறிடுச்சு.

முதலில் இது எப்படி வேலை செய்யுதுன்னு பாருங்க. சாவியோட பிளாஸ்டிக் தலைக்குள் டிரான்ஸ்பாண்டர்னு ஒரு குட்டி சிப் இருக்கு. அதுக்கு பேட்டரி கிடையாது. சாவித் துவாரத்தைச் சுற்றியிருக்கும் காயிலின் காந்தப்புலம்தான் (பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ்) அதுக்கு மின்சாரம் தருது. நாம படிச்ச டிரான்ஸ்ஃபார்மர் கதைதான்! சிப் அனுப்பும் கோடு பொருந்தினால்தான் ஈசியூ இன்ஜினை ஓட விடும். ரிமோட் தனி சர்க்யூட். அதனால கதவு திறந்துட்டா சிப் நல்லா இருக்குன்னு அர்த்தமில்லை.

உங்களுக்கு இப்படி ஆனா, முதலில் ஸ்பேர் சாவியைப் போடுங்க. ஓடினால் பழுது பழைய சாவியில்தான். ஓடலைன்னா பேட்டரி வோல்டேஜ் (நல்ல பேட்டரியில் சுமார் 12.6), ஃபியூஸ், கிரவுண்ட் வயர், கனெக்டர் எல்லாம் பாருங்க. அடுத்து காயிலின் கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டர் வைங்க. தனி காயில்னா சில ஓம்ஸாவது காட்டணும். ஓப்பன் காட்டினால் காயில் அறுந்திருக்கு. ஈசியூ மேல சந்தேகம் கடைசியில்தான் வரணும்.

எங்க வண்டி ஸ்பேர் சாவியில் உடனே ஓடுச்சு. அப்பதான் ஞாபகம் வந்தது: முந்தின நாள் சாவியோட கவரை மாத்தினது நான்தான். சிப் பழைய கவரோட குப்பைக்கூடையில் கிடந்தது. ஈசியூ தப்பிச்சுது, அப்பாகிட்ட நான் தப்பிக்கலை!