காமாட்சி என்னும் பெயர்

காமாட்சி என்னும் பெண்பெயர் காமம், அக்ஷி என்ற இரு வடசொற்களின் கூட்டு. காமம் விருப்பம், அக்ஷி கண். விரும்பியதைப் பார்வையாலேயே அருள்பவள் என்று அடியவர்கள் விரித்துச் சொல்வார்கள். பின்பாதிச் சொல் மிகப் பழையது. லத்தீனில் கண்ணைக் குறிக்கும் ஓகுலுஸ், ருஷ்யப் பழஞ்சொல்லான ஓகோ, இந்தியின் ஆங்க் எல்லாமே அதே இந்தோ-ஐரோப்பிய வேரில் கிளைத்தவை.

தமிழ் நாவில் க்ஷ இரு வழியாகத் திரியும். லக்ஷ்மி இலக்குமி ஆனாள், பக்ஷம் பக்கம் ஆயிற்று. காமாக்ஷி மட்டும் காமாக்கி ஆகவில்லை. மீனாட்சி, விசாலாட்சிபோல ‘ட்ச’ ஏற்றாள். இதில் விளைந்தது ஓர் அழகு: கண் என்ற பொருள் மறைந்து, ‘ஆட்சி’ என்ற தமிழ்ச்சொல் காதில் விழுகிறது. ஆளும் அம்மனுக்கு இது எத்தனை பொருத்தம்! பேச்சில் அவள் காமாச்சி, செல்லமாகக் காமு, தெலுங்கில் காமாக்ஷம்மா.

சங்கப் புலவர் வரிசையில் வெறிபாடிய காமக்கண்ணியார் இருக்கிறார். அந்தப் பெயரைக் காமாட்சியின் தமிழ் வடிவம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் கண்ணி என்பது தலையில் சூடும் மாலையும் ஆகும். காமக்காணியார் என்ற பாடமும் உண்டு.

பெயருக்கு வேர் ஊர் பெரிய காஞ்சிபுரம். இங்கே பத்மாசனத்தில் அமர்ந்திருக்கும் அம்மனின் கைகளில் பாசம், அங்குசத்தோடு கரும்பு வில்லும் மலர்க்கணையும் உள்ளன. வில்லும் கணையும் மன்மதனின் படைக்கலங்கள். பெயரின் முன்பாதியை அவள் கையிலேயே ஏந்தியிருக்கிறாள். ஏகாம்பரநாதர் கோயில் உள்ளிட்ட இவ்வூர்ச் சிவாலயங்களில் அம்மனுக்கு மூலச் சன்னிதி தனியே இல்லை. ஊருக்கெல்லாம் காமாட்சியின் கோயிலான காமகோட்டம் ஒன்றே. சோழர் கல்வெட்டுகளிலோ ‘திருக்காமக்கோட்டம்’ என்பது எந்த ஊர் அம்மன் சன்னிதிக்கும் பொதுப்பெயர்.

காஞ்சியின் பொன் காமாட்சி, படையெடுப்பு அச்சத்தால் ஊர் ஊராகச் சென்று 18ஆம் நூற்றாண்டில் தஞ்சாவூரில் நிலைகொண்டாள். பொன்னுக்குத் தெலுங்கில் பங்காரு. அங்கே அவள் பங்காரு காமாட்சி. அவளுக்குப் பூசை செய்த குடும்பத்தில் பிறந்தவர் கர்நாடக இசை மேதை சியாமா சாஸ்திரி (1762–1827). நெல்லூர் அருகே பெண்ணையாற்றங்கரை ஜொன்னவாடாவிலும், கோவாவின் சிரோடாவிலும் இதே பெயரில் அம்மன் கோயில்கள் உண்டு.

வீடுகளில் இந்தப் பெயர் விளக்காகவும் நுழைகிறது. மணமகளின் சீர்வரிசையில் வரும் காமாட்சி விளக்கில், அகலுக்குப் பின்னால் ஒரு தகடு நிற்கும். திரியின் ஒளி அதில் பட்டு அம்மன் உருவம் மினுங்கும். பல விளக்குகளில் அந்த உருவத்தின் இருபுறமும் யானைகள் நீர் சொரிகின்றன. அது கஜலட்சுமியின் கோலம். பெயர் மட்டும் காமாட்சியுடையது.