நீரின்மை தந்த விருந்து

ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் நகருக்கு மேற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சம் மணல்மேடுகளில், அக்டோபர் முதல் மார்ச் வரையிலான குளிர்ந்த மாதங்களில், நண்பர் குழுக்கள் கூடாரமடித்துத் தங்குவது வழக்கமாகிவிட்டது. அங்கே உண்ணும் உணவும் காணும் காட்சியும் தொடர்பில்லாத இரு இன்பங்களாகத் தோன்றினாலும், ஆண்டு மழை சராசரியாக 200 மில்லிமீட்டரைக்கூட எட்டாத அந்நிலத்தின் நீரின்மையே இரண்டையும் உருவாக்கியிருக்கிறது.

பருப்போடு பரிமாறப்படும் 'பாட்டி' என்ற கோதுமை உருண்டையை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். நெய் விட்டுக் கெட்டியாகப் பிசைந்த மாவை உருட்டி, வறட்டி எரிந்து தணிந்த கனலில் சாம்பல் மூடச் சுடுகிறார்கள். வேகவைக்கத் தண்ணீர் தேவையில்லை. சாம்பல் வெப்பத்தை மெல்லவே கடத்துவதால் உருண்டை கருகாமல் நிதானமாக வேகிறது. ஈரம் வற்றிய மேற்பரப்பு 140 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சூடேறும்போது, மாவிலுள்ள அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் வினைபுரிந்து பொன்பழுப்பு நிறத்தையும் மணத்தையும் தருகின்றன. வேதியியலார் இதை மெயிலார்டு வினை என்பர். உள்ளே ஈரம் எஞ்சியிருப்பதால் அங்கு வெப்பநிலை 100 டிகிரியைத் தாண்டுவதில்லை. நெய்யோ, மாவின் புரதங்கள் நீண்ட இழைகளாகப் பிணைவதைத் தடுத்து, விரலால் அழுத்தினால் உதிரும் பதத்தை அளிக்கிறது.

அதே விருந்தில் இடம்பெறும் கேர்-சாங்ரி என்ற கறி இன்னும் வியப்புக்குரியது. கேர் என்பது இலைகள் அரிதான ஒரு முட்புதரின் கசப்பான காய். அதை உப்புநீரிலோ மோரிலோ ஊறவைத்துக் கசப்பு நீக்குவர். சாங்ரி என்பது கேஜ்ரி மரத்தின் பிஞ்சு நெற்று. வேகவைத்து வெயிலில் உலர்த்திய அந்த நெற்றில், நுண்ணுயிர்கள் பெருகுவதற்கு வேண்டிய ஈரம் இல்லாததால், அது மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். தமிழகக் கோயில்கள் பலவற்றில் தலமரமாகப் போற்றப்படும் வன்னியே இந்தக் கேஜ்ரி. மிக ஆழத்திலுள்ள ஈரத்தை ஆணிவேரால் உறிஞ்சிக்கொள்ளும் இம்மரம், வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்களின் துணையால் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணுக்கு உரமாக்குவதால், உழவர்கள் இதன் அடியிலேயே கம்பு விதைக்கிறார்கள். 1730இல் ஜோத்பூர் அருகே கேஜட்லி கிராமத்தில், இம்மரங்களை வெட்ட வந்தவர்களைத் தடுத்து பிஷ்னோய் சமூகத்தார் 363 பேர் உயிரீந்தனர் என்பதை அறிந்து உண்பவருக்கு அந்தக் கறி வெறும் சுற்றுலா உணவாக இராது.

மணல்மேட்டின் அழகிலும் ஈரமின்மைக்குப் பங்குண்டு. ஈரம் மணலை ஒட்டவைக்கும். உலர்ந்த மணலையோ காற்று எளிதில் கிளப்பிவிடும். துள்ளி விழும் ஒவ்வொரு துகளும் விழுந்த இடத்தில் வேறு துகள்களை எற்றிவிடுவதால் சில அங்குல இடைவெளியில் வரிகள் உருவாகின்றன. சாய்ந்த மாலை வெயிலில் அவற்றின் நிழல் நீள்வதால், நண்பகலில் தட்டையாகத் தெரிந்த மேடு அப்போது வரிவரியாய்த் துலங்குகிறது.

கதிரவன் மறைந்ததும் குளிர் விரைந்து சூழ்வதற்கும் காரணம் ஈரமின்மையே. தரை உமிழும் அகச்சிவப்புக் கதிர்களை உள்வாங்கி ஒரு பகுதியைத் திருப்பித் தரும் நீராவி, பாலைக் காற்றில் குறைவு. துகள்களுக்கிடையே காற்று நிரம்பிய மணலும் பகல் வெப்பத்தை ஆழத்துக்கு எளிதில் கடத்துவதில்லை. மேற்பரப்பு சில்லிட்ட பின்னும், சில விரற்கடை தோண்டினால் வெதுவெதுப்பு தட்டுப்படும்.

ஈரமும் மேகமும் குறைந்த அந்த வானில், குளிர்கால முன்னிரவில் கார்த்திகைக் கூட்டத்தையும் செந்நிற ரோகிணியையும் திருவாதிரையையும் வெறுங்கண்ணால் தெளிவாகக் காணலாம். ஆனால் விழித்திரையில் மங்கிய ஒளியை உணரும் ரோடாப்சின் என்ற நிறமி இருளில் மீண்டும் நிறைவதற்கு அரைமணி நேரம் ஆகும் என்பதால், கூடாரங்களின் பளீரென்ற விளக்குகளும் நடனமேடைகளின் வெளிச்சமும் விருந்தின் சிறந்த பகுதியைப் பறித்துவிடுகின்றன. ஆகவே, அங்கு செல்வோர் நிலவற்ற இரவைத் தேர்ந்துகொள்ள வேண்டும். உணவு முடிந்ததும் விளக்குகளை அணைக்குமாறு முகாம் நடத்துவோரைக் கேட்க வேண்டும். கைபேசியை எடுக்காமல், முகாமின் தீ மறையும்படி ஒரு மேட்டின் மறுபுறம் சென்று அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும்.