பழைய ட்ரெயில் பைக்: கையிலுள்ள காசை எதில் முதலில் போடுவது?

வரிப்பத்தான்சேனையில் ட்ரெயில் பைக் விளையாட்டுச் சாமான் அல்ல. இறக்காமத்தைச் சுற்றியுள்ள வட்டைகளுக்குப் போகிறவர்களுக்குத் தெரியும், தார் வீதி ஓரிடத்தில் முடிந்துவிடும். அதற்கு அப்பால் கிரவல் பாதையும் வாய்க்கால் கட்டும்தான். மாரியில் அதுவும் சேறாகிவிடும். உரப் பையையும் மருந்து டாங்கியையும் ஏற்றிக்கொண்டு அந்த வழியில் போய்வர, உயரமான, பாரம் குறைந்த ஜப்பான் வண்டிகளுக்கு இங்கே எப்போதும் ஒரு மதிப்பு உண்டு.

அந்த வண்டிகள் இன்றைக்கு 25, 30 வயதைத் தாண்டியவை. ஆனாலும் அவற்றை யாரும் கழித்துவிடவில்லை. காரணம் நாம் எல்லோரும் அனுபவித்ததுதான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 இல் 200 ரூபாயளவில் இருந்த டொலர் சில மாதங்களிலேயே 360 ரூபாயளவுக்கு ஏறியது. அந்த வருடம் ஜூனில் 92 ஒக்டேன் பெற்றோல் ஒரு லீற்றர் 470 ரூபாய். கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிடைத்தது வாரத்துக்கு 4 லீற்றர். 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டாலும், வரிகளைக் கூட்டிப் பார்த்தால் புதிய வண்டி சிறு விவசாயிக்கு எட்டாத தூரத்தில்தான் நிற்கிறது. எனவே பழையதைத் திருத்துவதே வழி.

நானும் அப்படி ஒரு யமஹா செரோ 225 ஐ வாங்கித் திருத்தி எடுத்தேன். செய்தி சேகரிக்க இந்தப் பாதைகளில் அலைய வேண்டியிருக்கிறது. அந்த வேலையில் நான் விளங்கிக்கொண்டது ஒன்றுதான்: காசு குறைவாக இருக்கும்போது எவ்வளவு செலவழிக்கிறோம் என்பதைவிட, எந்த வரிசையில் செலவழிக்கிறோம் என்பதே முக்கியம். பெயின்ட், ஸ்டிக்கர், சத்தம் போடும் சைலன்சர் என்று தொடங்குகிறவர்கள் பிரேக்குக்கு வரும்போது காசு முடிந்துவிடுகிறது.

முதலில் புத்தகம்

வண்டியைப் பார்க்கும் முன் அதன் பதிவுப் புத்தகத்தைப் பாருங்கள். அதிலுள்ள செசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் வண்டியில் அடிக்கப்பட்டிருக்கும் இலக்கங்களோடு ஒத்துப்போக வேண்டும். செசி இலக்கம் இருக்கும் இடத்தில் அராவிய அடையாளமோ புதிய பெயின்டோ இருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வாருங்கள். பழைய ட்ரெயில் பைக்குகளில் எஞ்சின் மாற்றப்பட்டிருப்பது வழமை. அப்படியானால் அந்த மாற்றம் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியப்பட்டிருக்க வேண்டும். நிற மாற்றமும் அப்படியே. காப்புறுதி, புகைப் பரிசோதனை, வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் எல்லாம் இந்தப் புத்தகத்தை நம்பித்தான் இருக்கின்றன. புத்தகம் பிழைத்த வண்டியில் போடும் ஒவ்வொரு ரூபாயும் சோதனைச் சாவடி ஒன்றில் காணாமல் போகலாம்.

எஞ்சின் என்ன சொல்கிறது

செரோ 1985 இல் ஜப்பானில் வந்த வண்டி. காற்றால் குளிரும் ஒற்றைச் சிலிண்டர், 223 சிசி, 6 கியர். எடை 100 கிலோவைச் சற்றுத் தாண்டும். இதே எஞ்சின் குடும்பம் அமெரிக்காவில் எக்ஸ்டி 225 என்ற பெயரில் 1992 முதல் 2007 வரை விற்கப்பட்டது. ஆகவே ஆங்கிலத்தில் முழுமையான திருத்தக் கைநூலும், உதிரிப்பாக இலக்கங்களும் கிடைக்கின்றன. எந்த மாடலை வாங்கினாலும் வேறு நாட்டில் அது என்ன பெயரில் விற்கப்பட்டது என்று தேடிப் பாருங்கள். பாதி வேலை அதிலேயே முடியும்.

எஞ்சினைக் கழற்றும் முன் கொம்ப்ரஷன் அளவு பாருங்கள். அளவு குறைவாக இருந்தால் பிளக் துவாரத்தால் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மீண்டும் அளக்க வேண்டும். அழுத்தம் ஏறினால் தேய்ந்தது ரிங் அல்லது சிலிண்டர். ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வில் கசிவு. இந்தப் பத்து நிமிடச் சோதனை, தேவையில்லாமல் முழு எஞ்சினையும் பிரிக்கும் செலவைத் தவிர்க்கும். நீலப் புகை ஒயில் எரிவதைக் காட்டும், கறுப்புப் புகை பெற்றோல் கூடுவதைக் காட்டும். ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. 2024 நவம்பர் வெள்ளத்தைக் கண்ட மாவட்டம் இது. இங்கே பழைய வண்டி வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

சிலிண்டர் தேய்ந்திருந்தால் புதியது தேவையில்லை. லேத்தில் போர் அடித்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். செரோவின் சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீற்றர். முதல் தடவை 0.25 இல் துப்புரவாகிவிட்டால் அதோடு நிறுத்துங்கள். ஒரேயடியாக 1.00 க்குப் போனால் அடுத்த முறைக்கு இரும்பு மிஞ்சாது.

ஓடுவதற்கு முன் நிற்க வேண்டும்

நான் செலவழித்த பணத்தில் பாதிக்கு மேல் வெளியில் தெரியாத சாமான்களுக்கே போனது: பிரேக், பெயாரிங், ஒயில் சீல், செயின். பின்னால் 50 கிலோ உரப் பை இருக்கும்போது கிரவலில் வண்டி நிற்குமா என்பதுதான் கேள்வி. பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் கூடினால் சூட்டில் கொதித்து, பிடி தளர்ந்துவிடும். ஆகவே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். டோட் 4 போத்தல் ஒன்றின் விலை ஒரு நல்ல ஸ்டிக்கர் செட்டைவிடப் பெரிதல்ல.

பெயாரிங்கில் மிச்சம் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. சக்கரத்துப் பெயாரிங் கம்பனிப் பெட்டியில்தான் வர வேண்டும் என்றில்லை. அதன் விளிம்பிலேயே 6202, 6301 என்பதுபோல இலக்கம் பொறித்திருக்கும். அது உலகம் முழுவதற்கும் பொதுவான அளவு. உதாரணமாக 6202 என்றால் உள்விட்டம் 15, வெளிவிட்டம் 35, தடிப்பு 11 மில்லிமீற்றர். தண்ணீர் மோட்டாருக்கும் உழவு இயந்திரத்துக்கும் பெயாரிங் விற்கிற கடையிலேயே இதை வாங்கலாம். ஃபோர்க் ஒயில் சீலும் அப்படித்தான், அளவு அதிலேயே எழுதியிருக்கும். கொழும்பு பஞ்சிகாவத்தைக்கு ஆள் அனுப்புவதை, உண்மையில் அங்கே மட்டும் கிடைக்கும் சாமான்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

டயர் வாங்கும்போது பக்கத்திலுள்ள 4 இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம் செய்தது. பூ நிறைய இருந்தாலும் பழைய ரப்பர் இறுகியிருக்கும், ஈரத்தில் பிடிக்காது. செரோவுக்கு முன்னால் 2.75-21, பின்னால் 120/80-18. இந்த உயரமான முன் சக்கரம்தான் வரம்பையும் குழியையும் ஏறிக் கடக்க உதவுகிறது. அதைச் சின்னதாக்கி அழகு பார்ப்பது வண்டியின் குணத்தையே மாற்றிவிடும்.

எஞ்சினைத் தின்னும் தூசி

அறுவடைக் காலத்தில் மெஷின் ஓடும் வட்டைப் பக்கம் போனால் தூசி எப்படி எழும் என்று தெரியும். மண்ணிலுள்ள மணல் துகள் இரும்பைவிடக் கடினமானது. எயார் ஃபில்டரைத் தாண்டி உள்ளே போனால் அது சிலிண்டரைத் தேய்க்கும் பொடியாகவே வேலை செய்யும். ஸ்பொஞ்ச் ஃபில்டரைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து, ஃபில்டர் ஒயில் தடவிப் பிழிந்து போட வேண்டும். ஒயில் இல்லாத ஸ்பொஞ்ச் தூசியைப் பிடிக்காது. அது உட்காரும் விளிம்புக்குக் கிரீஸ் பூசுங்கள். புதிதாகப் போர் அடித்த எஞ்சினைக் காப்பாற்றுவது இதுதான்.

எது உண்மையான அப்கிரேட்

இவ்வளவும் முடிந்த பிறகு காசு மிஞ்சினால், முதலில் முன் ஸ்ப்ரொக்கட். உதாரணமாக முன்னால் 15 பல்லும் பின்னால் 45 பல்லும் என்றால் விகிதம் 3.00. முன்னால் 14 ஆக்கினால் 3.21. இழுவை 7 வீதம் கூடும், உச்ச வேகம் கிட்டத்தட்ட அதே அளவு குறையும். பாரத்தோடு சேற்றில் போகிறவருக்கு அது லாபம். அம்பாறை வீதியில் வேகமாக ஓடுகிறவருக்கு நட்டம்.

அடுத்தது ஹெட்லைட். யானை நடமாட்டமுள்ள இந்தப் பக்கத்தில் இரவில் வட்டைக்குப் போகிறவருக்கு வெளிச்சம் உயிர்ப் பிரச்சினை. முதலில் பற்றரி சார்ஜ் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். 15 ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுது, எந்தப் பல்ப் போட்டாலும் எரிந்துபோகும். ஹலோஜனுக்குச் செய்த ஹெட்லைட்டில் எல்ஈடி பல்ப்பை மட்டும் மாற்றினால் ஒளி சிதறி, எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்கும். முழு லைட்டையும் மாற்றுவது நல்லது.

சைலன்சரை நான் மாற்றவில்லை. உள்தடுப்பை வெட்டியெடுத்தால் சத்தம் கூடும். கார்புரேட்டர் ஜெட்டையும் மாற்றாவிட்டால் பெற்றோல்-காற்றுக் கலவை மெலிந்து எஞ்சின் சூடேறும். விடியற்காலை சுபஹுக்குப் பிறகு வயலுக்குப் போகிற ஒருவர் ஊரையே எழுப்ப வேண்டிய அவசியமும் இல்லை.

எப்போது விட்டுவிடுவது

செசி வளைந்திருந்தால், ஹெட் வெடித்திருந்தால், கியர் பெட்டி நழுவினால், அல்லது புத்தகம் சரியில்லையென்றால், அந்த வண்டி உதிரிப்பாக விலைக்கு மட்டுமே பெறுமதி. மற்றதெல்லாம் மெல்ல மெல்லத் திருத்தலாம். ஒரு போகத்துக் காசில் பிரேக்கும் டயரும், அடுத்த போகத்தில் எஞ்சின் என்று பிரித்துச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பாஸிடம் போகும் முன் இந்த வரிசையை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பெயின்ட் அதில் கடைசி வரியாக இருக்கட்டும்.