காப்ரேசே சாண்ட்விச்

காப்ரேசே சாண்ட்விச் என்பது தக்காளி, மொசரெல்லா பாலாடைக்கட்டி, திருநீற்றுப்பச்சிலை ஆகியவற்றை ரொட்டித் துண்டுகளுக்கிடையே வைத்துச் செய்யப்படும் இத்தாலிய உணவு ஆகும். காப்ரித் தீவின் பெயரால் அழைக்கப்படும் காப்ரேசே சாலட்டே இதற்கு அடிப்படை. இதன் சிவப்பு, வெள்ளை, பச்சை நிறங்கள் இத்தாலியக் கொடியின் நிறங்களை ஒத்தவை.

பொருட்கள்

மொசரெல்லா எருமைப்பாலிலிருந்தோ பசும்பாலிலிருந்தோ செய்யப்படுகிறது. காப்ரித் தீவு அமைந்துள்ள கம்பானியா பகுதியின் எருமைப்பால் மொசரெல்லாவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 1996 இல் தோற்றப் பெயர்க் காப்பு வழங்கியது. திருநீற்றுப்பச்சிலை துளசிப் பேரினத்தைச் சேர்ந்த நறுமணச் செடி.

செய்முறை

உள்ளே வைக்கும் எதுவும் வேகவைக்கப்படுவதில்லை. எனவே தக்காளி நன்கு பழுத்திருத்தல் வேண்டும். தக்காளி, புதிய மொசரெல்லா இரண்டும் நீர் மிகுந்தவை. அந்நீர் இறங்கினால் ரொட்டி ஊறிக் குழைந்துவிடும். இதைத் தவிர்க்கத் தக்காளி வில்லைகளில் உப்புத் தூவிச் சுமார் 10 நிமிடங்கள் வைக்கப்படும். உப்பு வெளிக்கொணரும் நீர் துணியால் ஒற்றி எடுக்கப்படும். பாலாடைக்கட்டியின் நீரும் வடிக்கப்படும். வாட்டிய ரொட்டியின் உட்புறத்தில் ஆலிவ் எண்ணெய் தடவினால் ஈரம் எளிதில் ஊடுருவாது. நறுக்கிய இலையின் ஓரங்கள் கருத்துவிடுமாதலால் இலைகள் முழுதாகவே வைக்கப்படும். மிளகுத்தூள் தூவி மூடியவுடன் உண்பது சிறந்தது.