சென்னைக்கு நேர்கோடு எப்போது?

கோவை ஆர்.எஸ்.புரத்தில் எந்த டிராவல்ஸில் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: விமானத்தில் சென்னைக்கு ஒண்ணேகால் மணி நேரம், டெல்லிக்கு மூன்று மணி நேரம். வான்வழியில் சென்னை சுமார் 400 கி.மீ., டெல்லி சுமார் 1,950 கி.மீ. தூரம் ஏறக்குறைய ஐந்து மடங்கு கூடும்போது நேரம் ஏன் மூன்று மடங்குகூட ஆவதில்லை?

ஜெட் விமானம் மணிக்கு 800 கி.மீ.க்கு மேல் பறக்கக்கூடியதுதான். ஆனால் அந்த வேகம் உயரத்துக்குப் போன பிறகுதான். 10,000 அடிக்குக் கீழே மணிக்குச் சுமார் 460 கி.மீ.தான் பொதுவான வரம்பு. 28,000 அடிக்கு ஏறி முடிப்பதற்குள் 150 கி.மீ. போய்விடும்; இறங்குவதற்கும் ஏறக்குறைய அதே தூரம் வேண்டும். 400 கி.மீ. பயணத்தில் முழு வேகத்தில் சமமாகப் பறப்பது பத்து நிமிடம் இருந்தால் அதிகம். டெல்லிப் பயணத்தில் பெரும்பகுதி அந்த வேகத்திலேயே கழிகிறது. டிக்கெட்டில் அச்சிடும் நேரமோ கோவை பீளமேட்டில் விமானம் நிற்குமிடத்தை விட்டு நகர்ந்தது முதல் சென்னை மீனம்பாக்கத்தில் போய் நிற்கும் வரை உள்ள கணக்கு. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், இறங்க முறை வரும்வரை காத்திருப்பதும் அதில் அடக்கம்.

இதைவிடச் சுவையானது காற்றின் பங்கு. கோவை ஓடுபாதையின் இரு முனைகளுக்கும் 05, 23 என்று எண்கள். வடக்கிலிருந்து சுமார் 50 பாகை, 230 பாகை என்று பொருள். 230 பாகை தென்மேற்கு. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய் திறந்திருக்கும் பக்கம். விமானம் எதிர்காற்றில்தான் எழும்ப விரும்பும். ஆகவே ஆடிக்காற்று கணவாய் வழியே பாய்ந்து வரும் நாட்களில், வடகிழக்கே உள்ள சென்னைக்குப் போகிற விமானம் முதலில் கேரளத்தைப் பார்த்து எழும்பி, பிறகு திரும்புகிறது. சென்னையிலும் மேற்கிலிருந்து மேல்காற்று வீசினால் நேரே இறங்க முடியாது. ஊரைத் தாண்டிக் கடல்மேல் வளைந்து, மேற்கு நோக்கி வந்து இறங்க வேண்டும். மதியத்துக்குமேல் கடற்காற்று புகுந்தால் அந்தச் சுற்று மிச்சம்.

வடகிழக்குப் பருவத்தில் கதை தலைகீழ். 05 முனையின் திசையும் சென்னையின் திசையும் ஏறக்குறைய ஒன்றே. எழும்பிய போக்கிலேயே போய், மீனம்பாக்கத்தின் 07 முனையில் கிட்டத்தட்ட அதே கோட்டில் இறங்கிவிடலாம். சில நிமிட வித்தியாசம்தான். ஆனால் பறப்பதே ஐம்பது நிமிடம் என்னும்போது அது சின்ன விஷயமல்ல.

ஜூலையில் தரையில் மேல்காற்று, விமானம் பறக்கும் ஒன்பது கி.மீ. உயரத்திலோ கிழக்கிலிருந்து கீழ்காற்று. இன்னும் மேலே, 14 கி.மீ. வாக்கில், அதுவே பெரும் கீழைத்தாரையாக ஓடுகிறது. அதை 1950களில் விளக்கிக் காட்டியவர் இந்திய வானிலையாளர் பி.கோட்டேஸ்வரம். ஒன்பது கி.மீ. உயரத்துக் கீழ்காற்று கோவைக்குத் திரும்புகிறவரைக் கொஞ்சம் தள்ளிவிடும்.

ஆனால் வீட்டுக்கு வீடு கணக்குப் பார்த்தால் வானத்து நிமிடங்கள் சுருங்கிப் போகின்றன. ஆர்.எஸ்.புரத்திலிருந்து அவிநாசி சாலை வழியே விமான நிலையம், பாதுகாப்புச் சோதனை, காத்திருப்பு, அங்கே சென்னை நெரிசல் எல்லாம் சேர்த்தால் நான்கு மணி நேரம் தாராளமாக ஆகிவிடும். 2023 ஏப்ரலில் ஓடத் தொடங்கிய வந்தே பாரத், கோவை ஜங்ஷனிலிருந்து சென்ட்ரலுக்கு ஆறு மணி நேரத்துக்குள் சேர்க்கிறது. அவசர வேலை இல்லாதவருக்கு என் சிபாரிசு ரயில்தான். டெல்லிக்கு என்றால் மறுயோசனையே வேண்டாம், விமானம்.