தொடாமப் பாருங்க, மதினி

போடிமெட்டில் தையல் கடை வைத்திருப்பவளுக்குப் போர்வையைப் பற்றிப் பேசக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன். முந்தலிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவு ஏறினால் எங்கள் ஊர். கீழே போடியில் ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில் இங்கே காதை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் பெண்கள் பலர் வீட்டில் இன்றைக்கும் பழஞ்சேலைப் போர்வை இருக்கிறது. நைந்த சேலைகளை அடுக்கி, ஓரம் மடித்து, நீள நீளமாக ஓட்டுத்தையல் போட்டால் போர்வை. கிழிந்த இடத்தில் இன்னொரு பிட்டுத்துணி. அதன்மேல் இன்னொன்று. அதையே பஞ்சு வைத்து, கணக்குப் போட்டு வெட்டி, பூவும் நட்சத்திரமுமாக ஒட்டித் தைத்தால் அதற்கு 'குவில்ட்' என்று பெயர், விலையும் வேறு.

போன குளிர்காலத்தில் மூணாறு பக்கம் தையல் பழகும் பெண்கள் சிலர் சேர்ந்து, ஒரு சின்ன மண்டபத்தில் தாங்கள் தைத்த ஒட்டுப்போர்வைகளைக் காட்சிக்கு வைத்தார்கள். என்னைக் காவலுக்கு நிற்கச் சொன்னார்கள். திருட்டுப் பயம் ஒன்றும் இல்லை. வருகிறவர்களின் கையைப் பார்த்துக்கொள்வதுதான் வேலை.

கதவைத் திறந்ததும் உள்ளே வந்த அம்மா, நேராகப் போய் ஒரு போர்வையின் ஓரத்தைப் பிடித்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு கசக்கு. "சுத்தக் காட்டனா, மிக்ஸிங்கா?"

"தொடாமப் பாருங்க, மதினி" என்றேன்.

அவர் முகம் சுண்டிவிட்டது. "துணியத் தொடாம எப்படித் தாயி பாக்குறது?"

நியாயமான கேள்வி. நமக்குத் துணி என்பது விரலால் அறிகிற பொருள். சேலைக்கடைக்காரரே "தொட்டுப் பாருங்கம்மா" என்று மடியில் தூக்கிப் போடுவார். பட்டுக்கு ஒரு கசக்கு, நூலுக்கு ஒரு இழுப்பு, சாயம் போகுமா என்று எச்சில் தொட்டு ஒரு தேய்ப்பு. பரம்பரையாக வந்த கைப்பழக்கம் இது, தவறான பழக்கமும் இல்லை. ஆனால் கடையில் இருக்கும் சேலை இன்றோ நாளையோ விற்றுப்போகும், பிறகு துவைபடும். கண்காட்சியில் தொங்குகிற போர்வைக்கு அந்தத் துவைப்பு கிடையாது. பல மாதம் உட்கார்ந்து தைத்த ஒன்றை ஒவ்வொரு காட்சிக்குப் பிறகும் யாரும் சோப்பில் போட்டு அலச மாட்டார்கள். அலசினால் சாயம் கலங்கலாம், பஞ்சு ஒரு பக்கம் திரளலாம்.

சுத்தமான கையிலும் எண்ணெய்ப் பசையும் வியர்வை உப்பும் இருக்கும். தொட்ட அன்றைக்கு ஒன்றும் தெரியாது. வீட்டில் ஸ்விட்ச் போர்டைச் சுற்றிச் சுவர் எப்படிக் கறுத்திருக்கிறது என்று பாருங்கள். யாரும் அழுக்குக் கையோடு போய் அதைத் தடவவில்லை. துணியிலும் அப்படித்தான் படியும். பிறகு அந்த இடம் பழுப்பேறும், நூலும் அங்கேதான் முதலில் இற்றுப்போகும். கையைவிடக் கையில் போட்டிருப்பது மோசம். கல் வைத்த மோதிரம், வளையலின் கூர், தோளில் தொங்கும் பையின் ஜிப் இவற்றில் ஒன்று மேல்தையலில் மாட்டி இழுத்தால் ஒரு சாண் நீளத்துக்குத் துணி சுருங்கிக்கொள்ளும். தைப்பவளுக்குத்தான் தெரியும், அதைத் திரும்ப நீவி எடுப்பது என்ன பாடு என்று.

அமெரிக்காவில் இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். குவில்ட் கண்காட்சிகளில் வெள்ளைக் காட்டன் கையுறை போட்ட தொண்டர்கள் நிற்பார்கள். பின்பக்கத் தையலைப் பார்க்க ஆசைப்பட்டால் அவர்களிடம் கேட்க வேண்டும். அவர்கள்தான் ஓரத்தைத் தூக்கித் திருப்பிக் காட்டுவார்கள். தையல் தெரிந்த யாருக்கும் பின்பக்கத்தைப் பார்க்காமல் மனசு ஆறாது. முன்பக்கம் அழகைக் காட்டும், பின்பக்கம்தான் கையைக் காட்டும். அங்கே இன்னொரு பழைய வழக்கமும் உண்டு. போர்வைகளை ஒரு கட்டிலில் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து வைத்து, சுற்றி ஆட்களை உட்கார்த்தி, ஒவ்வொன்றாகத் திருப்பியபடியே யார் தைத்தது, எதற்காகத் தைத்தது என்று கதை சொல்வார்கள். நம் ஊருக்கு இதுதான் பொருந்தும் என்பது என் எண்ணம். சுவரில் தொங்கவிட்டால் தொடத் தோன்றும். கதை கேட்கிறவன் கை சும்மா இருக்கும்.

அமெரிக்கக் கதை என்றதும் ஹாரியட் பவர்ஸைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஜார்ஜியா மாநிலத்தில் 1837இல் அடிமையாகப் பிறந்தவர். பைபிள் கதைகளைத் துணியில் வெட்டி ஒட்டி ஒரு போர்வை தைத்து, 1886இல் ஏதென்ஸ் என்ற ஊரில் நடந்த பருத்திச் சந்தையில் காட்சிக்கு வைத்தார். ஜென்னி ஸ்மித் என்ற ஓவிய ஆசிரியை விலைக்குக் கேட்டபோது தர மறுத்துவிட்டார். சில ஆண்டு கழித்துக் கஷ்டம் நெருக்கியது. 10 டாலர் கேட்டு, 5 டாலருக்குக் கொடுத்தார். கொடுத்த பிறகும் மனசு கேட்காமல் அந்தப் போர்வையைப் பார்ப்பதற்கென்றே ஆசிரியை வீட்டுக்குப் பலமுறை போய் வந்திருக்கிறார். இன்று அது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கண்காட்சியில் எந்தப் போர்வையின் முன்னால் நின்றாலும் எனக்கு அந்தம்மா ஞாபகம்தான் வரும். இதைத் தைத்தவளும் இந்தக் கூட்டத்தில் எங்கோ நின்று, நாம் அதை எப்படிப் பார்க்கிறோம் என்று பார்த்துக்கொண்டிருக்கலாம்.

நம் நாட்டிலும் குவில்ட் திருவிழா நடக்கிறது. 2019 ஜனவரியில் சென்னையில் 'இந்தியா குவில்ட் ஃபெஸ்டிவல்' நடந்தது. சென்னையில் குவில்ட் சொல்லிக்கொடுக்கும் 'தி ஸ்கொயர் இன்ச்' கூடத்தின் டீனா கட்வால் முன்னின்று நடத்தியது. ஆகவே இது ஏதோ வெள்ளைக்காரர் சமாசாரம் என்று தள்ளிவிட முடியாது. வங்காளத்தில் காந்தா, மகாராஷ்டிரத்தில் கோதடி, வட கர்நாடகத்தில் கவுதி என்று ஊருக்கு ஒரு பெயரில் இருப்பதெல்லாம் இதன் அக்கா தங்கைகள்தாம்.

எங்கள் மலைப்பக்கத்துப் பழஞ்சேலைப் போர்வைக்கு மிக நெருங்கிய சொந்தம் என்றால் சித்திகளின் கவந்திதான். போர்ச்சுக்கீசியர் காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து கோவாவுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டு, அங்கிருந்து தப்பிக் காட்டுக்குள் புகுந்தவர்களின் வம்சம் சித்திகள். உத்தர கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹளியாள் பக்கம் இருக்கிறார்கள். அந்தப் பெண்கள் ஓரத்தில் ஆரம்பித்து, சுற்றிச் சுற்றி உள்நோக்கித் தைத்துக்கொண்டே நடுவுக்கு வருவார்கள். நான்கு மூலையிலும் முக்கோணமாக மடித்த துணியை அடுக்கி 'ஃபூலா' வைப்பார்கள். அது இல்லாத போர்வையை அம்மணம் என்றே சொல்வார்கள். இந்தக் கவந்திகள் நியூயார்க் வரை காட்சிக்குப் போயிருக்கின்றன.

இங்கே எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. வீட்டில் பிள்ளையைப் போட்டு உறங்க வைத்து, மூத்திரம் பட்டால் அலசி, வேலியில் விரித்து வெயிலில் காய வைத்த துணி, கண்ணாடிக்குப் பின்னால் போனதும் வெயில் ஆகாது, தண்ணீர் ஆகாது, விரல் ஆகாது என்று ஆகிவிடுகிறது. உழைக்கப் பிறந்த துணியைக் கொலுவில் உட்கார வைத்ததுபோல இருக்கிறது. நமக்கே சொந்தமான ஒட்டுத்துணிக் கலையைப் பாருங்கள்: தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் தைக்கிற தேர்ச்சீலையும் தொம்பையும். வண்ணத் துணியை வெட்டி ஒட்டித் தைத்த அவ்வளவு வேலைப்பாடும் தேரில் ஏறி வெயிலில் காய்கிறது, காற்றில் அடிபடுகிறது, கற்பூரப் புகை குடிக்கிறது. நைந்தால் அடுத்த திருவிழாவுக்குப் புதிதாகத் தைக்கிறார்கள். துணி போனாலும் தொழில் தொடர்கிறது. தைக்கும் கை இருக்கிற இடத்தில் இப்படித் தாராளமாக இருக்கலாம். அந்தக் கை போன பிறகுதான் மிச்சமிருக்கும் ஒரே துணியைப் பொத்திப் பொத்தி வைக்க வேண்டி வருகிறது.

அதற்கு எடுத்துக்காட்டு ராஜா குவில்ட். 'ராஜா' என்பது கப்பலின் பெயர். 1841இல் இங்கிலாந்திலிருந்து கைதிகளாக ஹோபார்ட்டுக்கு நாடு கடத்தப்பட்ட பெண்கள் கப்பலிலேயே உட்கார்ந்து தைத்தது. சிறைப் பெண்களுக்காகப் பாடுபட்ட எலிசபெத் ஃபிரையின் சங்கம் அவர்கள் கையில் ஊசி, நூல், வெட்டுத்துணிகளைக் கொடுத்து அனுப்பியிருந்தது. 2,815 துண்டுகளைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். பிறகு எங்கோ மறைந்து, 1987இல் ஸ்காட்லாந்தில் ஒரு வீட்டுப் பரணில் கிடைத்தது. இப்போது ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. ரொம்பவும் இற்றுப்போயிருப்பதால் எப்போதாவது கொஞ்ச நாள் மட்டும் வெளியே எடுத்துக் காட்டிவிட்டு, திரும்ப இருட்டில் வைத்துவிடுகிறார்கள்.

இருட்டுக்குக் காரணம் இருக்கிறது. வெளிச்சம் துணிக்குச் செய்கிற கேடு கூடிக்கொண்டே போகும்; ஓய்வு கொடுத்தால் மேற்கொண்டு கெடாது, ஆனால் போன நிறம் திரும்பாது. அருங்காட்சியகங்களில் பழந்துணிகளுக்கு வைக்கும் கணக்கு 50 லக்ஸ், அதாவது கண்ணுக்குப் பழக ஒரு நிமிடம் பிடிக்கிற மங்கல் வெளிச்சம். நடுப்பகல் நேர்வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். அகமதாபாத்தில் 1949இல் தொடங்கிய காலிகோ துணி அருங்காட்சியகத்தில் முன்பதிவு செய்த சிறு குழுவாகத்தான் உள்ளே விடுகிறார்கள், கேமராவுக்கு அனுமதி இல்லை. மூணாறிலேயே சிருஷ்டி அமைப்பின் 'ஆரண்யா'வில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் செடி கொடியிலிருந்து சாயம் எடுத்துத் துணிக்குப் போடுகிறார்கள். அந்த மாதிரி இயற்கைச் சாயத் துணி வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அவுரி நீலம் ஓரளவு தாங்கும். மஞ்சள் கிழங்கின் சாயம் வெயிலுக்கு நிற்கவே நிற்காது.

தொங்கவிடுவதிலும் ஒரு முறை உண்டு. நம் மண்டபங்களில் பந்தல் கயிறு கட்டி, கிளிப் போட்டு மாட்டுகிறார்கள். முழுப் பாரமும் அந்த நாலு கிளிப்பில் விழும். சாயங்காலத்துக்குள் மேல் ஓரம் பல்லுப் பல்லாகத் தொங்கிவிடும். ஊக்கு குத்தினால் இன்னும் மோசம், துருக்கறை போகாது. சரியான வேலை இதுதான்: போர்வையின் பின்பக்கம், மேல் ஓரத்தில் நான்கு அங்குல அகலத்துக்குக் குழல் மாதிரி ஒரு பட்டை தைக்க வேண்டும். பின்துணியில் மட்டும் ஊசி ஏற வேண்டும், முன்பக்கம் தையல் தெரியக் கூடாது. பட்டை கொஞ்சம் தொளதொளவென்று இருந்தால்தான் உள்ளே விடும் கம்பின் பருமன் முன்னால் மேடு தட்டாது. கம்பை உள்ளே விட்டு இரண்டு முனையையும் மாட்டினால் பாரம் அகலம் முழுவதும் பரவும். ஜன்னல் திரை தைக்கத் தெரிந்த யாரும் அரை மணியில் செய்துவிடலாம்.

காட்சி முடிந்து மடித்து வைப்பதில்தான் எங்கள் ஊரில் சேதம் அதிகம். மழைக்காலத்தில் போடிமெட்டு மூடுபனி ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். பாலிதீன் பையில் கட்டி வைத்தால் உள்ளே ஈரம் நின்று பூஞ்சணம் பிடிக்கும். பழைய வெள்ளை வேட்டியில் சுற்றி வைப்பதே மேல். கஞ்சி போட்டிருந்தால் அலசி எடுத்துவிட்டு வையுங்கள். இராமபாணப் பூச்சிக்குக் கஞ்சிதான் விருந்து. மடிப்பில் சுருட்டிய துணி ஒன்றைக் கொடுத்து, கொஞ்ச மாதத்துக்கு ஒருமுறை எடுத்து வேறு இடத்தில் மடியுங்கள். ஒரே மடிப்பில் கிடக்கிற சேலை அந்த மடிப்பிலேயே கிழிவதை எல்லார் வீட்டிலும் பார்த்திருக்கிறோம்.

அந்த மதினியின் கேள்விக்கு அங்கேயே ஒரு பதில் செய்தோம். மீந்த பிட்டுத்துணியும் பஞ்சும் வைத்து, ஒரு முழத்துக்கு மாதிரித் துண்டு ஒன்றைத் தைத்து, வாசல் மேசையில் வைத்து, 'இதைத் தொட்டுப் பாருங்கள்' என்று எழுதிப்போட்டோம். வந்தவர்கள் அதைக் கசக்கினார்கள், இழுத்தார்கள், திருப்பினார்கள், ஒரு பெரியவர் முகர்ந்துகூடப் பார்த்தார். உள்ளே போனதும் முக்கால்வாசிப் பேர் தாங்களாகவே கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். 'தொடாதே' என்று பத்து அட்டை எழுதி மாட்டுவதைவிட இது நன்றாக வேலை செய்தது. கண்காட்சி நடத்துகிற எல்லோரும் இதைச் செய்யலாம், செலவும் கிடையாது.

இன்னொன்றும் செய்ய வேண்டும். மேல்நாட்டுக் குவில்ட்களின் பின்பக்கம் கீழ் மூலையில் ஒரு சின்னத் துணிச்சீட்டு இருக்கும்: தைத்தவர் பெயர், ஊர், வருடம். நம் பழஞ்சேலைப் போர்வை எதிலும் அது இல்லை. உங்கள் வீட்டுப் பெட்டியில் அம்மாவோ பாட்டியோ அத்தையோ தைத்த போர்வை ஒன்று இருந்தால், இந்த வாரமே ஒரு வெள்ளைத் துணித்துண்டில் அவர் பெயரை எழுதிப் பின்பக்கம் தைத்துவிடுங்கள். பேனாவால் எழுத வேண்டாம், துவைக்கத் துவைக்க மங்கிவிடும், நூலாலேயே எழுதுங்கள்.